தூவாதீர்கள், அழுத்துங்கள்

அரிவாள்மனையில் விரல் பட்டு ரத்தம் கொட்டினால், நம் வீடுகளில் முதலில் திறக்கப்படுவது காப்பித்தூள் டப்பா. அது இல்லையென்றால் மஞ்சள்தூள், சர்க்கரை, சுண்ணாம்பு. வயல்காடு என்றால் வெட்டுக்காயப்பூண்டைக் கசக்கிப் பிழிவார்கள். சற்று நேரத்தில் ரத்தம் நின்றுவிடும். பெயர் காப்பித்தூளுக்குப் போகும். எதையும் போடாமல் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாலும் அதே நேரத்தில் நின்றிருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. சின்னக் காயத்தில் இந்தத் தப்புக்கணக்கால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. காயத்தைக் கழுவித் தையல் போடுகிறவருக்குத்தான் கூடுதல் வேலை. ஆனால் தொடையில் தகரம் கிழித்து ரத்தம் பீய்ச்சி அடிக்கும்போதும் கை டப்பாவைத் தேடினால் கதை வேறு.

ரத்தப்போக்கை நிறுத்துவதற்கென்றே மருந்தேற்றிய கட்டுத்துணிகள் இப்போது நம் ஊரிலும் கிடைக்கின்றன. ‘ராணுவத்தில் பயன்படுவது’ என்ற பெருமையோடு விற்கிறார்கள். நல்ல சரக்குதான், சந்தேகமில்லை. ஆனால் அதையும் காப்பித்தூளைப் போலவே நினைத்துக்கொண்டு வாங்கினால், காசு கொடுத்து ஏமாந்த மாதிரிதான்.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறத்தாழ நாலேகால் லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் பத்தில் நாலு பங்கு போனால் உயிருக்கே ஆபத்து. தொடையின் பெரிய தமனி முழுதாக அறுந்தால் சில நிமிடங்களிலேயே அந்த அளவு போய்விடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்தச் சில நிமிடங்களுக்குள் வந்து சேருவது அபூர்வம். பக்கத்தில் நிற்பவர் கைதான் அப்போது வைத்தியம்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. அறுபட்ட குழாய் தானே சுருங்குகிறது. தட்டணுக்கள் ஓடிவந்து அடைக்கின்றன. ஃபைப்ரின் என்ற இழை அவற்றைச் சுற்றி வலை பின்னுகிறது. சிக்கல் என்னவென்றால், பெரிய தமனியில் அழுத்தத்தோடு பாயும் ரத்தம் அந்த வலை உறுதிப்படும் முன்பே அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டை விழுந்த தண்ணீர்க் குழாயில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது சிமெண்ட் தூளைத் தூவுவது போலத்தான், காயத்தின் மேல் எதைத் தூவினாலும்.

ரத்தம் போகப் போக உடம்பு குளிர்ந்துகொண்டே வரும். குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. உறையாததால் மேலும் போகும். ஆகவே சித்திரை வெயிலாக இருந்தாலும், அடிபட்டவருக்கு ஒரு போர்வையோ வேட்டியோ போர்த்த வேண்டும். விபத்து நடந்த இடத்தில் சோடாவை உடைத்து வாயில் ஊற்றுகிற நம் ஊர் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அரைமயக்கத்தில் அது மூச்சுக்குழாயில் இறங்கலாம். அவசர அறுவை சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்கும்போதும் வயிற்றில் இருப்பது இடைஞ்சல்.

ராணுவமும் பொடியில்தான் தொடங்கியது

2002இல் அமெரிக்காவில் ‘குயிக்கிளாட்’ என்ற பொருளுக்கு அனுமதி கிடைத்தது. எரிமலைச் சாம்பலிலிருந்து கிடைக்கும் கனிம வகையைச் சேர்ந்த சீயோலைட் மணிகள். காயத்தில் கொட்டினால் ரத்தத்திலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும்; மிஞ்சியிருக்கும் தட்டணுக்களும் உறைபொருள்களும் அடர்ந்து சீக்கிரம் உறையும். மறு வருடமே ஈராக் போருக்குப் போன மரைன் படைவீரர்களின் பையில் அது இருந்தது.

உயிர்களைக் காப்பாற்றியது என்னவோ உண்மை. கூடவே சுட்டும் வைத்தது. நீரை உறிஞ்சும்போது சீயோலைட் சூடாகும். அந்தச் சூட்டில் காயத்தைச் சுற்றியிருந்த தோலும் தசையும் வெந்துபோன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ரத்தத்தை நிறுத்தப் போய்த் தீக்காயத்தை வாங்கிய கதை. காற்றடித்தால் மணிகள் பறந்து கண்ணில் விழும். உள்ளே போன மணிகளை அறுவை மருத்துவர் ஒவ்வொன்றாகக் கழுவி எடுக்க வேண்டும். இதைவிடப் பெரிய கோளாறு வேறொரு பொடியில் வந்தது. ‘வூண்ட்ஸ்டாட்’ என்ற களிமண் துகள், ரத்தக்குழாய்க்குள்ளே புகுந்து கட்டிகளை உண்டாக்குகிறது என்று விலங்குச் சோதனையில் தெரியவந்ததும், 2009இல் அமெரிக்க ராணுவம் அதைக் கைவிட்டது.

அதற்குள் காற்று துணிப் பக்கம் திரும்பியிருந்தது. 2008இல் ராணுவ மருத்துவக் குழு முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது ‘காம்பாட் காஸ்’ என்ற நீளமான காஸ் துணியை. கயோலின் என்ற வெள்ளைக் களிமண் ஏற்றப்பட்டது, சூடாகாது, ஒரே துண்டாக இருப்பதால் வெளியே எடுப்பதும் சுலபம், எக்ஸ்ரேயில் தெரியும்படி உள்ளே ஒரு கோடும் ஓடுகிறது. துணியாக இருப்பதன் பெரிய லாபம் இன்னொன்று: அதை உள்ளே திணிக்கலாம், திணித்தபின் மேலே அழுத்தலாம். தூவுகிற பொடியில் அந்த வசதி குறைவு.

களிமண்ணும் இறால் ஓடும்

இன்று புழக்கத்தில் இருப்பவற்றில் இரண்டு வகை முக்கியம். கயோலின் வகை, உடம்பின் சொந்த உறைதல் இயந்திரத்தைத் தட்டி எழுப்புகிறது. உறைதலுக்கான காரணிகளில் பன்னிரண்டாவது காரணி இந்தக் களிமண்ணைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். அங்கிருந்து சங்கிலியாக வேலை நடக்கும். ரத்த உறைவு நேரத்தைப் பார்க்கும் சில ஆய்வுக்கூடப் பரிசோதனைகளில் கயோலின் சேர்ப்பதும் இதனால்தான்.

கைட்டோசான் வகை வேறு வழியில் போகிறது. இறால், நண்டு ஓட்டிலுள்ள கைட்டினிலிருந்து இதைத் தயாரிக்கிறார்கள். கைட்டோசானுக்கு நேர்மின்னேற்றம், சிவப்பணுவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, பசைபோன்ற அடைப்பாக ஒட்டிக்கொள்கின்றன. உடம்பின் உறைதல் காரணிகளை இது பெரிதாக நம்பியிருப்பதில்லை. இதய நோய்க்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, டயாலிசிஸ் ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்காதவர்களுக்கு, ஆஞ்சியோகிராம் முடிந்து கையிலிருந்து குழாயை உருவிய பிறகு என்று ஆஸ்பத்திரிகளில் இந்த வகைத் துண்டுகள் பயன்படுவது அதனால்தான். இந்தியாவிலேயே ‘ஆக்ஸியோஸ்டாட்’ என்ற கைட்டோசான் கட்டு தயாராகிறது. நம் ராணுவமும் வாங்குகிறது.

இறால் சாப்பிட்டால் ஊறல் வருகிறவர்கள் இதைக் கேட்டதும் பயப்படுவார்கள். அந்த ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் இறாலின் சதையிலுள்ள புரதம். ஓட்டிலிருந்து சுத்திகரித்த கைட்டோசானில் அது நீக்கப்படுகிறது. இருந்தாலும் உறையில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் அதை மதிப்பது நல்லது.

எல்லாம் சரி, சாதாரண காஸை விட இவை எவ்வளவு மேல்? 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பன்றிகளின் தொடைத் தமனியில் காயம் உண்டாக்கி, இந்த விசேஷத் துணிகளையும் வெறும் காஸையும் காயத்துக்குள் திணித்து ஒப்பிட்டார்கள். சரியாகத் திணித்தால் வெறும் காஸும் சளைக்கவில்லை. வேறு ஆய்வுகளில் மருந்துத் துணி முந்தியிருக்கிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: மருந்து உதவும், ஆனால் முக்கால்வாசி வேலை விரலுடையது. விலை சாதாரண காஸைப் போலப் பல மடங்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

திணிப்பது எப்படி

முதலில் காயம் எங்கே என்று பார்க்க வேண்டும். பேண்ட், சேலை, எதுவானாலும் கிழித்தோ வெட்டியோ விலக்குங்கள். ரத்தத்தில் நனைந்த துணிக்கு மேலேயே கட்டுப் போடுவது நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. கையில் கையுறையோ சுத்தமான பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளலாம். குளமாகத் தேங்கியிருக்கும் ரத்தத்தைத் துடைத்து, அது ஊறி வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

துணியின் நுனியை ஒரு விரலால் அந்த இடத்துக்கே, காயத்தின் அடிவரை கொண்டுபோய் வையுங்கள். விரலை எடுக்காமல் மறுகை விரலால் அடுத்த மடிப்பைத் தள்ளுங்கள். இப்படியே மாறிமாறி, இனி இடமில்லை என்னும்வரை நிரப்பி, தோலுக்கு மேலே கொஞ்சம் மேடாக நிற்கும்படி வையுங்கள். அடிபட்டவர் கத்துவார். கத்தட்டும், வலிக்கிறதே என்று மேலோட்டமாக வைத்தால் பயனில்லை.

பிறகு முழங்கையை மடக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து உடம்பின் கனத்தை அதில் இறக்குங்கள். மருந்தேற்றிய துணி என்றால் குறைந்தது 3 நிமிடம். சாதாரண காஸ், துண்டு, பருத்திச் சேலைக் கிழிசல் என்றால் 10 நிமிடம். நடுவில் நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கக் கூடாது; அப்போதுதான் பின்னத் தொடங்கிய வலை பிய்ந்துபோகும். நனைந்து வந்தால் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். நின்றதும் இறுக்கமாகச் சுற்றிக் கட்டிவிடலாம்.

இதெல்லாம் கை, கால், தொடை இடுக்கு, அக்குள் ஆகியவற்றுக்கு. கழுத்து என்றால் காயத்தின் மேல் அழுத்துவது சரி. சுற்றிக் கட்டக் கூடாது. நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் எதையும் உள்ளே திணிக்கக் கூடாது. அங்கே கசிவு உள்ளுக்குள் நடக்கிறது, ஆஸ்பத்திரி மேஜைதான் தீர்வு. கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். குத்திய பொருளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். அதன் இரு பக்கமும் அழுத்தி, அசையாமல் கொண்டுபோங்கள்.

இறுக்கிக் கட்டுவது

கையோ காலோ நசுங்கி, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் டூர்னிக்கெட் என்னும் இறுக்குப்பட்டை. காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மீது படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். பட்டை இல்லாவிட்டால் அகலமான துணியைக் கட்டி, முடிச்சுக்குள் ஒரு குச்சியைச் செருகித் திருகலாம். சணல், கம்பி, மெல்லிய கயிறு கூடாது. கட்டிய நேரத்தை நோயாளியின் நெற்றியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு முன் யாரும் அவிழ்க்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டுப் பாம்புக்கடிக்கும் கட்டிவிடாதீர்கள். அங்கே இறுக்கிக் கட்டுவது கெடுதல்.

தீக்காயத்தில் மருந்துத் துணிக்கு என்ன வேலை?

வீட்டில் நேரும் தீக்காயத்தில், நேரடியாக, ஒரு வேலையும் இல்லை. வெந்த தோலிலிருந்து பொதுவாக ரத்தம் கொட்டுவதில்லை, நீர்தான் கசியும். அங்கே தேவை 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். ஐஸ் வேண்டாம், பற்பசை, பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூட வேண்டும்.

ரத்தம் பெரும் பிரச்சினையாவது பின்னால், அறுவை அரங்கில். வெந்து செத்த தோலைச் சீவி எடுத்து, தொடையிலிருந்து மெல்லிய தோலை உரித்து ஒட்டும்போது, சீவிய இடமும் உரித்த இடமும் பரவலாகக் கசியும். தனியாக ஒரு குழாயைப் பிடித்துக் கட்ட முடியாத கசிவு அது. அங்கேதான் அட்ரினலின் நனைத்த துணி, ஃபைப்ரின் பசை, கால்சியம் அல்ஜினேட் கட்டு எல்லாம் கைகொடுக்கின்றன. அல்ஜினேட் வருவது பழுப்புக் கடற்பாசியிலிருந்து. மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் இந்த இனமும் உண்டு. அல்ஜினேட் தன் கால்சியத்தைக் காயத்துக்குக் கொடுத்து, காயத்தின் சோடியத்தை வாங்கிக்கொண்டு, கூழாக மாறிவிடும். கால்சியம் ரத்தம் உறைய உதவும். கூழ் ஒட்டாததால், கட்டுப் பிரிக்கும்போது புதுத்தோல் பிய்ந்து மறுபடி ரத்தம் வராது.

ஒட்டாமலிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தீக்காயப் பிரிவில் காஸைப் பிரிக்கும் அலறலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் வாழையிலையில் கிடத்தும் வழக்கம் பரிகசிக்கத் தக்கதல்ல. மும்பை மருத்துவர்கள் வாழையிலைக் கட்டைச் சோதித்து 2003இல் சர்வதேச இதழில் வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் வைத்தது சுத்திகரித்துத் தயாரித்த இலைக்கட்டு. கொல்லையில் அறுத்த இலையை அப்படியே வைப்பது வேறு.

இரண்டும் சேர்ந்து வருவது பட்டாசு கையில் வெடிக்கும்போது. விரல் சிதறி ரத்தமும் வரும், உள்ளங்கையும் வெந்திருக்கும். ரத்தத்துக்குத்தான் முதலிடம், சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். கொட்டுகிற காயத்தைக் குழாயடியில் நீட்டினால் உறைந்ததும் கழுவிக்கொண்டு போகும். வெந்த மற்ற இடங்களுக்கு மட்டும் தண்ணீர்.

வண்டியில் என்ன வைக்கலாம், யாரிடம் கொடுக்கலாம்

ஒவ்வொரு வீட்டிலும் மருந்துத் துணி வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நீளமான காஸ் உருளைகள் இரண்டு, அகலக் கட்டுத்துணி ஒன்று, கையுறை, கத்தரிக்கோல் போதும். மரம் அறுப்பவர்கள், கல் உடைப்பவர்கள், தகரப் பட்டறை, டயாலிசிஸ் நோயாளி உள்ள வீடு, தொலைதூரம் ஓட்டும் லாரி — இவர்களுக்கு மருந்தேற்றிய துணி நியாயமான செலவு. காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். உறை கிழிந்தால் உபயோகமில்லை.

சாலையில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் கேஸ் என்று தயங்குகிறவர்கள் இன்னமும் உண்டு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் கட்டணமில்லாமல் அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது.

அவசரப் பிரிவில் ஒப்படைக்கும்போது, திணித்த துணியின் காலி உறையையும் கொடுத்துவிடுங்கள். உள்ளே எத்தனை துண்டு போயிருக்கிறது, என்ன மருந்து ஏற்றியது என்பது அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அடிபட்ட நேரத்தையும் சொல்லுங்கள்: ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில ஊசியை 3 மணிநேரத்துக்குள் போட்டால்தான் பலன். அடிபட்டவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால், கேட்கும் வரை காத்திருக்காமல் அதையும் சொல்லிவிடுங்கள்.