அடங்கிய கிருமியும் அடங்காத அழற்சியும்

எச்.ஐ.வி. கிருமி தேகத்திற் புகுந்தால் மரணமே முடிவு என்று ஜனங்கள் அஞ்சிய காலம் ஒன்று உண்டு. பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் சிகிச்சை 1996-ம் வருஷத்தில் வழக்கத்துக்கு வந்ததும் அவ்வச்சத்தின் வேர் அறுந்தது. ஆயினும், மருந்தை உடனே தொடங்குவதா, தேகபலம் குன்றும் வரையிற் காத்திருப்பதா என்ற விவாதம் நெடுங்காலம் ஓயவில்லை.

அதை ஓய்த்தது 2015-ல் வெளியான ‘ஸ்டார்ட்’ பரிசோதனை. 35 தேசங்களில் 4,685 பேரைக் கொண்டு நடத்திய இவ்வாராய்ச்சியில், உடனே மருந்துண்டவர்களுக்குக் கடும் வியாதிகளும் மரணமும், காத்திருந்தவர்களைவிட 57 சதவிகிதம் குறைவாகவே நேர்ந்தன. அவ்வாண்டிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் யாவருக்கும் உடனே சிகிச்சை அளிக்க வேண்டுமென்றது. இந்திய சர்க்காரும் 2017-ல் அக்கொள்கையை ஏற்றனர்.

நிற்க. கிருமி ரத்தத்திற் காணாமற்போன பின்பும் அழற்சி முற்றும் தணிவதில்லை. தொற்று நேர்ந்த சில வாரங்களுக்குள்ளேயே சிகிச்சை பெற்றவர்களைப் பாங்காக்கில் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, அழற்சிக் குறிகள் பெரிதும் தாழ்ந்தன; ஆனால் அவற்றுட் சில, கிருமி தீண்டாதவர் நிலைக்கு இறங்கவில்லை.

இதன் காரணம் யாது? இக்கிருமி தொடக்க வாரங்களிலேயே குடற்சுவரிலுள்ள காவல் அணுக்களை அழித்துவிடுகிறது. அரண் பழுதுபடவே, குடல்வாழ் நுண்ணுயிர்களின் பொருள்கள் ரத்தத்திற் கசிகின்றன. மருந்து அழிக்கவொண்ணாத மறைவிடங்களில் எஞ்சிய கிருமியும் உறங்கிக் கிடக்கிறது. காவற்படை ஓய்வின்றி விழித்திருக்கிறது. அவ்விழிப்பே ரத்தக்குழாய்களை அரித்து, இருதய வியாதிக்கு வழி கோலுகிறது.

“அப்படியாயின் சீக்கிரம் மருந்துண்டு பயன் என்ன?” என்று சிலர் கேட்கலாம். இது விபரீத தர்க்கம். மருந்தை விட்டுவிட்டு உண்டவர்களிடையே மரணமும் இருதய வியாதியும் மிகுந்ததை ‘ஸ்மார்ட்’ பரிசோதனை 2006-லேயே காட்டிவிட்டது. தாமதம் நெருப்பை வளர்க்குமேயன்றித் தணிக்காது.

எஞ்சிய நெருப்புக்கும் பரிகாரம் இல்லாமற் போகவில்லை. 12 தேசங்களில் 7,769 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ‘ரிப்ரீவ்’ ஆராய்ச்சியில், பிடாவாஸ்டாடின் மாத்திரையைத் தினமும் உண்டவர்களுக்கு மாரடைப்பு முதலிய விபத்துக்கள் 35 சதவிகிதம் குறைந்தன.

இந்நாட்டில் இத்தொற்று முதன்முதலிற் கண்டறியப்பட்டது 1986-ல், நமது சென்னையிலேதான். அன்று உயிரைக் காப்பதே கடமையாயிருந்தது. இன்றோ, காத்த உயிர் முதுமை வரையில் நலமாக வாழச்செய்வதும் கடமையாகிறது. சிகிச்சை நிலையங்கள் கிருமியை எண்ணுவதோடு நில்லாமல், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றையும் விசாரித்துப் பரிகாரம் செய்தல் வேண்டும். கிருமி அடங்கியது என்ற திருப்தியில் நோயாளியை மறந்துவிடலாகாது.