வயிற்றில் சிசு, மார்பில் கட்டி!



கருவுற்ற பெண்ணொருத்தி தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுவதை உணர்கிறாள். தயங்கித் தயங்கித் தன் மாமியாரிடம் சொல்கிறாள். "பால் கட்டியாக இருக்கும், பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்" என்று அவர் தேற்றுகிறார். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையே. அக்காலத்தில் தோன்றும் கட்டிகளில் மிகப் பல தீங்கற்றவை. ஆயினும், ஏறத்தாழ 3,000 கர்ப்பங்களில் ஒன்றில் மார்பகப் புற்றுநோய் காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அந்த ஒருத்திக்கு இத்தேறுதலே ஆபத்தாக முடிகிறது.

நம் உடலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் என்றொரு காவற்படை உண்டு. அந்நியப் பொருளைக் கண்டால் அது தாக்கும். சிசுவின் கூறுகளில் பாதி தந்தையுடையவை. அவ்வாறிருக்க, தாயின் உடல் அதை ஏன் தாக்குவதில்லை? 1953இல் பீட்டர் மெடாவர் என்னும் ஆங்கிலேய அறிஞர் எழுப்பிய வினா இது. விடையின் ஒரு பகுதியை 1995இல் ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி கண்டார். காவற்படையை அடக்கி வைக்கும் தனி அணுக்கள் உள்ளன என்பதே அது. இத்துறைக்காக அவரும் வேறிருவரும் 2025இல் நோபல் பரிசு பெற்றனர். கர்ப்பத்தில் இவ்வணுக்கள் சிசுவுக்கு அரணாகின்றன. நஞ்சுக்கொடியும் 'தாக்காதே' என்னும் அடையாளத்தை ஏந்தி நிற்கிறது.

புற்றுநோயோ இதே உபாயத்தைத் திருடிக்கொள்கிறது! அடக்கும் அணுக்களைத் தன்னைச் சுற்றித் திரட்டி, அதே அடையாளத்தையும் அணிந்து, காவற்படையை ஏமாற்றுகிறது. அவ்வடையாளத்தை முறியடிக்கும் புதிய மருந்துகள் இன்று உள்ளன. சிசுவின் அரணையும் அவை குலைக்கக்கூடும் என்பதால், கர்ப்ப காலத்தில் மருத்துவர்கள் அவற்றைத் தவிர்க்கின்றனர்.

அப்படியாயின் வழியே இல்லையா? உண்டு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பரிசோதனையும், ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதும் சிசுவைப் பாதிப்பதில்லை. அறுவை சிகிச்சை செய்யலாம். முதல் மூன்று மாதங்கள் கடந்தபின், தகுந்த கீமோதெரபி மருந்துகளையும் தரலாம். கதிர் சிகிச்சையைப் பொதுவாகப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்கின்றனர். கருவைக் கலைப்பதால் தாயின் ஆயுள் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

கர்ப்பத்தில் புற்றுநோய் கண்ட தாய்மார்கள் பெற்ற 129 குழந்தைகளை ஐரோப்பிய மருத்துவர்கள் ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். அத்தாய்மார்களில் பெரும்பாலோர் கர்ப்பத்திலேயே கீமோதெரபி பெற்றவர்கள். அறிவு வளர்ச்சியில் அக்குழந்தைகள் பிற குழந்தைகளுக்குக் குறைந்தவர்களாக இல்லை. குறைமாதப் பிறப்பே வளர்ச்சியைச் சற்றுப் பாதித்தது.

ஆகவே சகோதரிகளே, கட்டி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலும், தோல் குழிந்தாலும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். விரும்பினால் பெண் மருத்துவரையே நாடுங்கள். மாமியார்களே, கணவன்மார்களே! "பிரசவம் முடியட்டும்" என்று சொல்லித் தள்ளிப்போடாமல் அவளை அழைத்துச் செல்லுங்கள். காலம் தாழ்த்தாதிருந்தால் இரண்டு உயிர்களையும் காக்க வழி உண்டு.