நடந்து ஏறி இறங்கும் சரக்கு

கேடிஎம் இரயில் ஓடும் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,000 மில்லிமீட்டர். அயர்லாந்தின் முக்கியப் பாதைகளில் அது 1,600 மி.மீ. ஆனால், அதே நாட்டின் மேற்குக் கரையோரச் சிற்றூர்களுக்குப் போன பல பாதைகளின் அகலம் வெறும் 914 மி.மீ., அதாவது மூன்று அடிதான்.

காரணம் பணம். மலையும் சதுப்பும் நிறைந்த ஏழை மாவட்டங்களில் அகலப் பாதை போடச் செலவு அதிகம். குறுகிய பாதைக்கு மெல்லிய தண்டவாளம் போதும். மலையைக் குடையாமல் சுற்றிக்கொண்டு போகலாம். கெரி மாவட்டத்தில் டிரலீ நகரையும் டிங்கிள் துறைமுகத்தையும் இணைத்து 1891இல் திறக்கப்பட்ட பாதை அப்படிப்பட்டது. சுமார் 50 கி.மீ. நீளம், பெரும்பகுதி சாலை ஓரமாகவே போனது.

டிங்கிளிலிருந்து மீனும், சந்தை நாட்களில் மாடுகளும் பன்றிகளும் புறப்பட்டன. கால்நடை வண்டி என்பது மரப்பெட்டிதான். ஆனால், பக்கச் சுவரின் மேற்பகுதியில் காற்று போக இடைவெளி இருக்கும். மாடுகளை நெருக்கமாக நிற்க வைப்பார்கள். கொடுமையாகத் தோன்றினாலும் அதற்குக் காரணம் உண்டு: இடம் அதிகமிருந்தால் வண்டி குலுங்கும்போது மாடு விழுந்து மிதிபடும்.

டிரலீயில் குறுகிய பாதை முடிந்துவிடும். அங்கே சரக்கு முழுவதையும் அகலப்பாதை வண்டிக்கு மாற்ற வேண்டும். நிலக்கரியையும் மாவு மூட்டையையும் மனிதர்தான் சுமக்க வேண்டும். மாடு மட்டும் தானே நடந்து இறங்கி, தானே நடந்து ஏறும்!

இனி ஆபத்துக்கு வருவோம். இந்தப் பாதையின் மிகச் செங்குத்தான இடங்களில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். காருக்கு இது ஒன்றுமில்லை. எஃகின் மேல் உருளும் எஃகுச் சக்கரத்துக்கு உராய்வு மிகக் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 9.8ஐ 30ஆல் வகுத்தால் முடுக்கம் வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 0.33 மீட்டர். பிரேக் பிடிக்காமல், உராய்வும் இல்லாமல் ஒரு நிமிடம் உருண்டால் வேகம் மணிக்கு 70 கி.மீ. ஆகிவிடும்.

அதைத் தடுக்க இருந்தது வெற்றிட பிரேக். இயந்திரத்திலிருந்து கடைசி வண்டிவரை ஒரு குழாய். அதிலுள்ள காற்றை நீராவியின் உதவியால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். ஓட்டுநர் காற்றை உள்ளே விட்டால், வளிமண்டல அழுத்தம் ஒவ்வொரு வண்டியிலும் உள்ள உந்துதண்டைத் தள்ளும். பிரேக் கட்டைகள் சக்கரத்தைப் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் காற்று புகும், பிரேக் தானாகப் பிடிக்கும். நல்ல யோசனை. ஆனால், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு துளி பலமும் அதில் கிடைக்காது.

1893 மே 22 அன்று, பன்றிகளை ஏற்றிய இரயில் ஒன்று இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்தது. அடிவாரத்தில், கரடஃப் பாலத்தருகே கூர்மையான வளைவு. இயந்திரம் கீழே பாய்ந்தது. ஊழியர்கள் மூவரும் பல பன்றிகளும் மாண்டனர்.

வளைவில் பாதையின் அகலம் எவ்வளவு முக்கியம்? ஓர் உதாரணம்: வளைவின் ஆரம் 100 மீட்டர், வண்டியின் ஈர்ப்பு மையம் 1.2 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போடுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 914 மி.மீ. பாதையில் வண்டி மணிக்கு 70 கி.மீ. அளவில் கவிழும், 1,600 மி.மீ. பாதையிலோ 92 கி.மீ. வரை தாங்கும். இந்தக் கணக்கில் எடை எங்குமே வராது. ஈர்ப்பு மையத்தின் உயரம்தான் முக்கியம். நின்றுகொண்டு பயணம் செய்யும் மாடுகள் அதை உயர்த்திவிடுகின்றன! பாதையைத் திருத்தி வளைவைத் தளர்த்தியது 1907இல்தான்.

காற்று அடித்தால் கதை வேறு. அங்கே எடை முக்கியம். வடமேற்கே டோனிகால் மாவட்டத்தில், 1925 ஜனவரி 30 இரவு, ஓவன்காரோ பாலத்தின் மேல் புயல் காற்று மூன்றடிப் பாதை இரயில் ஒன்றின் பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து தள்ளியது. நான்கு பயணிகள் இறந்தனர். அகலப்பாதைப் பெட்டியைவிட இலேசான பெட்டி, குறுகிய அடிப்பகுதி, சுவரோ பெரிய பாய்மரம் போல.

அப்படியானால் குறுகிய பாதையே ஆபத்தா? இல்லை. நம் இடிஎஸ் இரயில் அதைவிட 86 மி.மீ. மட்டுமே அகலமான பாதையில் மணிக்கு 140 கி.மீ. வரை ஓடுகிறது. அதன் வளைவுகள் அகன்றவை, இறக்கம் குறைவு.

டிங்கிள் பாதையில் 1939இல் பயணிகள் சேவை நின்றது. அதன் கடைசி ஆண்டுகளில் மாதம் ஒருமுறை, சந்தைக்காக மட்டும், புல் மூடிய தண்டவாளத்தில் இரண்டு இயந்திரங்கள் மாட்டு வண்டிகளை இழுத்துவந்தன. 1953 ஜூன் மாதச் சந்தையோடு அதுவும் நின்றது. பிறகு மாடுகள் லாரியில் ஏறின. டிரலீயில் இறங்கி வண்டி மாறும் வேலை அவற்றுக்கு இல்லாமல் போயிற்று.