பாலாற்றங்கரை கற்றுத்தரும் பாடம்

"விஞ்ஞானம் வளர்ந்தால் வறுமை தானே ஒழியும்" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இது முழு உண்மையா? விடை தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றின் ஓரமாக நீளும் நம் வட்டாரமே அதற்குத் தக்க சான்று. தோல் தொழில் இங்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதே தொழில் பல கிராமங்களின் கிணற்று நீரைப் பாழாக்கியது. இரண்டும் எவ்வாறு நேர்ந்தன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். ஆகவே அதை உப்பிட்டு வைப்பார்கள். பின்பு நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிப் பதனிடுவார்கள். நம் முன்னோர் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் சாற்றில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்தனர். குரோமிய உப்பு வந்த பிறகு, சுழலும் மர உருளைகளில் அந்த வேலை ஒரே நாளில் முடிந்தது.

1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் இயக்குநராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய டாக்டர் நாயுடம்மா, சோதனைச் சாலையில் கண்டறிந்தவற்றைச் சிறு தொழிலாளியிடம் கொண்டு சேர்க்கப் பாடுபட்டார். பின்னர் இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைமை ஏற்றபோது, இன்று தெலங்கானாவில் உள்ள கரீம்நகர் மாவட்டத்தைத் தேர்ந்து, கிராம முன்னேற்றத்துக்கு விஞ்ஞானத்தைப் பயன்படுத்தும் திட்டத்தை நடத்தினார். 1985-இல் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து வீழ்ந்தபோது அப்பெரியார் மறைந்தார்.

1970-களில் மத்திய அரசு பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தியது. தோலாக அனுப்பினால் அதைச் செருப்பாகத் தைக்கும் கூலி அயல்நாட்டுக்குப் போகும். காலணியாக அனுப்பினால் அக்கூலி இங்கேயே தங்கும். ஆம்பூரைச் சுற்றியுள்ள காலணித் தொழிற்சாலைகளில் சிற்றூர்ப் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நிலமில்லாத வீட்டுப் பெண்ணின் கையில் மாதச் சம்பளம் வருவது சிறிய மாற்றமன்று.

நீர் இருந்தும் வாடிய பயிர்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர், அதாவது இரண்டு மூன்று குடம் நீர், வேண்டும். குரோமிய உப்பிலும் ஒரு பெரும் பகுதி தோலில் ஏறாமல் கழிவு நீரோடு வெளியேறுகிறது. முதலில் இட்ட கறியுப்பும் அதனுடன் சேர்கிறது. இந்நீர் வயலுக்கும் வாய்க்காலுக்கும் பாலாற்றுக்கும் ஓடியது.

மண்ணில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச முடியாது. வயலில் நீர் நின்றாலும் பயிர் வாடும். பயிர் வாடினால் நிலக்காரருக்கு விளைச்சல் இல்லை. களை பறிக்கும் பெண்ணுக்கோ கூலியே இல்லை. கிணற்று நீரும் கெட்டதால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடப்பவளும் அவளே. ஒரு வீட்டில் வறுமையைப் போக்கிய அதே தொழில் வேறொரு வீட்டில் வறுமையைக் கொண்டுவந்து வைத்தது.

இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வந்தது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போனது என்ற மதிப்பீடு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்றும் கூறியது. "வெள்ளம் வருமுன் அணை போடு" என்று நம் பெரியோர் சொன்னதும் இதையே அன்றோ!

தீர்வும் விஞ்ஞானத்திலேயே

குரோமியக் கழிவு நீரைத் தனியே பிரித்து மக்னீசியம் ஆக்ஸைடு சேர்த்தால், குரோமியம் வண்டலாக அடியில் படியும். அவ்வண்டலைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிட உதவும். ஆறும் தப்பும், பணமும் மிஞ்சும். தோலை ஊறவைக்கும் முன்பே அதிலுள்ள உப்பை மரச்சட்டத்தில் தட்டி உதிர்ப்பது இன்னும் எளிது. அதற்குப் பெரிய எந்திரம்கூட வேண்டாம். சிறிய தொழிற்சாலைகள் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாதாகையால், வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பதனிடும் கட்டத்தில் நீரே சேர்க்காமல் குரோமியம் ஏற்றும் முறையையும் அடையாறு நிலையம் உருவாக்கியுள்ளது.

ஆனால் எந்திரம் மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும். 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தனர். சுத்தம் செய்யக் கட்டிய இடமே உயிர்களைக் குடித்தது. முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 2025 ஜனவரி 30-இல், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. நிலத்தை இழந்தவருக்கு 28 ஆண்டு என்பது ஒரு தலைமுறைக் காலம்.

நமது கடமை

பூமிக்குச் செய்யும் தீங்கு முதலில் ஏழையின் தலையிலேயே விழுகிறது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் உலகுக்கு நினைவூட்டினார். பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இது கண்கூடு.

அன்புத் தோழியரே! தோல் தொழிலை மூடிவிட்டால் துன்பம் தீரும் என்று எண்ணுவது தவறு. நம் ஊர்ப் பெண்களின் அடுப்பு அணைந்துவிடும். தொழிலுக்காக ஆற்றை விட்டுவிடலாம் என்பதும் தவறு. எந்தப் புதுத் தொழில்நுட்பம் நம் ஊருக்கு வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். இதனால் கூலி பெறுபவர் யார்? இதன் கழிவு யார் வீட்டுக் கிணற்றில் இறங்கும்? சிறு முதலாளியும் இதைக் கையாள முடியுமா? நம்முள் சிலர் நாளை வேதியியல் படிப்போம். சிலர் சட்டம் படிப்போம். சிலர் தொழிற்சாலையில் தைப்போம். எங்கிருந்தாலும் இக்கேள்விகளைக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். கடைசிக் கிராமத்துக் கிணறும் இனிக்கும்போதுதான் விஞ்ஞானம் வறுமையை வென்றது என்று நாம் சொல்லலாம்.