பூட்டிய கதவுக்குப் பின்னே



சிறுபிள்ளையைச் சீடர்கள் நடுவில் நிறுத்தி, அதன் பெருமையை எடுத்துச் சொன்னார் இயேசு. கத்தோலிக்க நாடான அயர்லாந்திலோ பிள்ளைகள் நீதிபதிமுன் நிறுத்தப்பட்டார்கள். 1908-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி நீதிமன்றங்கள் அவர்களைத் தொழிற்பள்ளிகளுக்கும் சீர்திருத்தப் பள்ளிகளுக்கும் அனுப்பின. தொழிற்பள்ளிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகள் அல்லர். ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஏழைத் தாய்க்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவி, பிள்ளைக்கு இவ்வளவு என்று அப்பள்ளிகளுக்கே போய்ச் சேர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவை நம் துறவற சபைகளே.

அமெரிக்காவில் சிறுவர் இல்லம் நிறுவிய அருள்தந்தை எட்வர்ட் ஃபிளானகன், 1946-இல் தாயகமான அயர்லாந்துக்கு வந்தபோது இக்கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆட்சியாளர்கள் அவர் சொல்லைத் தள்ளிவிட்டார்கள். அடி, பட்டினி, பாலியல் கொடுமை அனைத்தையும் ரையன் அறிக்கை 2009-இல் உறுதிசெய்தது. இடையில் கடந்தவை 63 ஆண்டுகள்!

தீர்ப்போடு நம் பொறுப்பு முடிவதில்லை. அடைக்கப்பட்ட பிள்ளையை யார் போய்ப் பார்க்கிறார்கள்? அது வாய் திறந்தால் யார் நம்புகிறார்கள்? இதைக் கேட்பதும் விசுவாசமே. கேட்கும் துணிவை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.