திராட்சை ஸ்குவாஷைப் புட்டியில் அடைத்துப் பாதுகாக்கும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் பயிராகும் பன்னீர் திராட்சை நல்ல நிறமும் மணமும் உடையது. ஆனால் பறித்தபின் நெடுநாள் தாங்காது. விலை சரியும் காலத்தில், குலையிலிருந்து உதிர்ந்த நல்ல பழங்களைக் கொண்டு வீட்டிலேயே ஸ்குவாஷ் தயாரிக்கலாம். அதைக் கெடாமல் பாதுகாத்தால்தான் பட்ட பாடு பயன் தரும்.

ஏன் கெடுகிறது?

திராட்சைத் தோலின் மேல் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு. இது சாற்றிலுள்ள சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. புட்டிக்குள் வாயு சேர்ந்தால் மூடி தெறிக்கும்; புட்டியே வெடிக்கவும் கூடும்.

தயாரித்தல்

அழுகல், பூசணம் உள்ள பழங்களை நீக்கிக் கழுவவும். எவர்சில்வர் பாத்திரத்தில் நசுக்கி, கொதிக்கவிடாமல் 10 நிமிடம் சூடாக்கினால் தோலின் நிறம் சாற்றில் இறங்கும். பின்பு துணியில் வடிகட்டவும். ஒரு லிட்டர் சாற்றுக்குச் சர்க்கரை ஒரு கிலோ, நீர் அரை லிட்டர், சிட்ரிக் அமிலம் 20 கிராம் தேவை. இம்மூன்றையும் காய்ச்சி, வடிகட்டி, ஆறியபின் சாற்றுடன் கலக்கவும்.

இந்த அளவுக்கு 1.5 கிராம் சோடியம் பென்சோயேட்டைச் சிறிது நீரில் கரைத்துச் சேர்க்கவும். கண்ணளவாகப் போடாமல் எடைபோட்டே சேர்க்க வேண்டும். எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் பயன்படும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் திராட்சையின் நிறத்தை வெளுக்கச் செய்யுமாதலால் இதற்கு ஏற்றதன்று.

புட்டியில் அடைத்தல்

கீறல், விரிசல் இல்லாத கண்ணாடிப் புட்டிகளைச் சோப்பு நீரில் கழுவவும். அவற்றைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சூடேற்றி, நீர் கொதித்தபின் 20 நிமிடம் விட்டு எடுத்து, கவிழ்த்து உலர வைக்கவும். கொதிநீரில் திடீரென இட்டால் புட்டி உடையும். கழுத்தில் ஓர் அங்குலம் இடம் விட்டு ஸ்குவாஷை ஊற்றி, புதிய மூடியால் இறுக மூடவும். மூடிய வாயை உருகிய மெழுகில் தோய்த்தால் காற்று புகாது. தயாரித்த தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டவும்.

சேமித்தல்

வெளிச்சம் நிறத்தை மங்கச் செய்யும். வெப்பம் சுவையைக் கெடுக்கும். எனவே குளிர்ந்த, இருண்ட அறையில் புட்டிகளை நிமிர்த்தி வைக்கவும். அடியில் மணல்போல் உப்பு படிவது திராட்சையின் இயல்பே. அதற்காக அஞ்ச வேண்டாம். நுரை, குமிழி, புளித்த வாடை தென்பட்டால் அப்புட்டியைப் பயன்படுத்தாமல் கொட்டிவிடவும். திறந்த புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிட வேண்டும்.

அருந்தும்போது ஒரு பங்கு ஸ்குவாஷுக்கு மூன்று பங்கு குளிர்ந்த நீர் கலக்கவும். விற்பனை செய்ய விரும்புவோர் முன்னதாக உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெறுவது அவசியம். முதலில் ஐந்தாறு புட்டிகள் மட்டும் தயாரித்து, ஒரு மாதம் வைத்துப் பார்த்தபின் அளவைக் கூட்டுவது நல்லது.