காதுகுத்து ஃபோட்டோவில் ஒரு வெள்ளைப் புள்ளி

சென்ற வருடம் எங்க ஊர் பெண்ணாடம் பிரளயகாலேஸ்வரர் கோயிலில் சித்தப்பா மகனின் குழந்தைக்குக் காதுகுத்து. மண்டபத்தில் வெளிச்சம் கம்மி, அதனால் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தோம். ஒரு படத்தில் பாப்பாவின் வலது கண்மணி சிவப்பாகவும் இடது கண்மணி வெள்ளையாகவும் விழுந்திருந்தது. கேமரா கோளாறு என்று விட்டுவிட்டோம். நானும்தான்.

மூன்று மாதத்தில் இடது கண் லேசாக ஒதுங்க ஆரம்பித்தது. பக்கத்து டவுனில் காட்டினார்கள். “மாறுகண்தான், வளர வளர சரியாயிடும்” என்று பதில். இன்னும் இரண்டு மாதம் போனது. சென்னையில் ஒரு கண் மருத்துவமனையில்தான் பெயர் தெரிந்தது: ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில் வரும் புற்றுநோய். பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது.

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் ஆள். அன்றிலிருந்து படித்ததையும் கூட இருந்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வெள்ளைப் புள்ளி. ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணுக்குள் போய், ரத்தக்குழாய்கள் நிறைந்த பின்பக்கத்தில் பட்டுத் திரும்புவதால்தான் படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிகிறது. அங்கே வெண்மையான கட்டி இருந்தால் வெள்ளையாகத் திரும்பும். கண்புரையாலும் இப்படித் தெரியலாம். கேமரா கோணத்தால் நல்ல கண்ணிலும் சில சமயம் விழும். ஆகவே ஒரு படத்தை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் டாக்டரிடம் போக அந்த ஒரு படம் போதும்.

அமெரிக்காவில் பிரையன் ஷா என்ற வேதியியல் பேராசிரியரின் மகனுக்கும் இதே நோய். பிறகு பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தால், பிறந்த 12ஆம் நாள் படத்திலேயே வெள்ளை தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் அவர் நண்பர்களோடு சேர்ந்து, ஃபோனில் இருக்கும் படங்களில் வெள்ளைக் கண்மணியைத் தேடும் செயலியை உருவாக்கினார். 2019ல் வந்த அவர்கள் ஆய்வில், கண் நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேருடைய படங்களில், நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே அது தெரிந்திருந்தது. இதைப் படித்த அன்று எங்கள் காதுகுத்துப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

பாப்பாவின் கண் முழுக்கக் கட்டி நிறைந்திருந்தது. பார்வை ஏற்கெனவே போயிருந்தது. சின்னக் கட்டியென்றால் லேசர், உறையவைக்கும் சிகிச்சை, கீமோ என்று கண்ணைக் காப்பாற்ற வழிகள் உண்டு. இந்த நிலையில் கண்ணை எடுத்துவிடச் சொன்னார்கள். காரணம், பார்வை நரம்பு வழியாக நோய் மூளைக்குப் போய்விடும். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. “பொட்டப்புள்ள, நாளைக்கு யாரு கட்டிப்பா?” என்று ஒரே அழுகை. தம்பி நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டான்.

எடுத்த கண்ணைச் சோதித்ததில் நோய் பரவும் அறிகுறிகள் இருந்தன. அதனால் ஆறு சுற்று கீமோ. இப்போது நான்கு முடிந்திருக்கிறது.

இதற்கு நடுவில் வீட்டில் இன்னொரு வேதனை. “எங்க வம்சத்துல யாருக்கும் இல்ல, உங்க பக்கம் பாரு” என்று பேச்சு குழந்தையின் அம்மா மேல் திரும்பியது. நான் தேடித்தேடிப் படித்ததே இதற்காகத்தான்.

1971ல் ஆல்ஃபிரட் நுட்சன் என்ற குழந்தை மருத்துவர், இந்த நோய் வந்த 48 பேரின் விவரங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் வந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் வந்திருந்தது, ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குத் தாமதமாக. அதை வைத்து அவர் சொன்னது: நோய் வர இரண்டு அடி விழ வேண்டும். பைக்கில் முன் பிரேக், பின் பிரேக் மாதிரி நம் செல்லில் ஆர்பி1 மரபணு இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று கெட்டாலும் மற்றது பிடிக்கும். இரண்டும் போனால்தான் செல் கட்டுப்பாடில்லாமல் பெருகும். சில குழந்தைகள் ஒரு பிரேக் பழுதோடேயே பிறக்கிறார்கள். மற்றவர்களுக்கு இரண்டுமே விழித்திரையின் ஒரு செல்லில் தற்செயலாகக் கெடுகின்றன. நோய் வரும் குழந்தைகளில் பெரும்பாலானோர் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை. அம்மா சாப்பிட்டதாலோ பார்த்த கிரகணத்தாலோ வருவதில்லை.

இதை ஒரு காகிதத்தில் வரைந்து சித்தியிடம் காட்டினேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் அந்தப் பேச்சு நின்றது.

இன்னும் முடியவில்லை. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் சுமார் 15 சதவீதம் பேருக்குப் பிறவியிலேயே மரபணுப் பழுது இருக்கும். அது இருந்தால் வலது கண்ணுக்கும் ஆபத்து, அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கும் பரிசோதனை வேண்டும். ரத்தச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. எப்படியானாலும் சொன்ன தேதியில் முழு மயக்கம் கொடுத்து வலது கண்ணைப் பார்க்க வேண்டும். முந்தின ராத்திரியே விருத்தாசலத்தில் ரயில் ஏறுகிறார்கள். காலையில் வெறும் வயிறு. பாலுக்கு அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பாள். நடுவில் காய்ச்சல் வந்தால் கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், உடனே ஓட வேண்டும். கண் எடுத்தாச்சே என்று இதோடு நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு. அங்கேதான் நோய் ஜெயிக்கிறது. வசதியான நாடுகளில் 95 சதவீதத்துக்கு மேல் குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால், இன்று ஃபோனில் இருக்கும் ஃபிளாஷ் படங்களை ஒரு தடவை பாருங்கள். ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலோ, மாறுகண் தெரிந்தாலோ, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சரியாயிடும் என்று யாராவது சொன்னாலும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

பாப்பாவுக்குச் செயற்கைக் கண் வைத்திருக்கிறார்கள். முகம் வளர வளர மாற்ற வேண்டும். முடி கொட்டிவிட்டது. போன வாரம் வீடியோ காலில் என்னைப் பார்த்து, “பெரிப்பா, மொட்டை” என்று தன் தலையைத் தடவிக் காட்டிச் சிரித்தாள். அடுத்த கீமோ வரும் வியாழக்கிழமை.